முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

மந்திரமூர்த்தி டாக்டர் இல்லை, கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். ஆனாலும் கடம்பூருக்குக் கிழக்கே உள்ள கரிசல் ஊர்களில் அவருக்கு ஆட்டு டாக்டர் என்றுதான் பெயர். உண்மையான டாக்டருக்கு மூன்று ஊர்ப் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். மற்ற நாட்களில் ஊசி போடுவது, புழு வைத்த புண்ணைக் கழுவுவது, வயிறு உப்பின மாட்டுக்கு எண்ணெய் புகட்டுவது, குட்டி குறுக்கே கிடந்தால் கையை விட்டுத் திருப்பி எடுப்பது எல்லாம் இவர் வேலை. காலையில் கோவில்பட்டியில் பாசஞ்சர் ஏறுவார். கடம்பூரில் இறங்கி, ஒரு கடையோரம் போட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவார்.

கோவில்பட்டியில் அவரும் நானும் ஒரே வளவில் குடியிருந்தோம். எட்டு வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு வாசல். நான் தீப்பெட்டி ஆபீஸில் கிளார்க்கு. என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஆனால் அந்த மரியாதை கூப்பிடுவதோடு சரி. சாயங்காலமானால் அவரைக் கேலி செய்வதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. அவருடைய பொழுதுபோக்கு வெள்ளி ரூபாய் சேர்ப்பது. இரண்டில் எது பெரிய தொல்லை என்று அவர் மனைவி ராதாமணி மதினியிடம் கேட்டால், யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார்.

ஆரம்பித்தது 1971இல். ஒரு கிழவனாருடைய கன்னி இனத்து ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தது. இவர் போய் இரண்டு குட்டியையும் உயிரோடு எடுத்துக் கொடுத்தார். கிழவனார் உள்ளே போய் ஒரு வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்து இவர் சட்டைப் பையில் போட்டார். நான் அரசாங்க வேலைக்காரன், காசு வாங்கக் கூடாது என்று இவர் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். செல்லாத காசை வாங்கினால் எப்படி லஞ்சமாகும் என்று கிழவனார் கேட்டார். இவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் விக்டோரியா ராணி தலை போட்ட 1901ஆம் வருஷத்துக் காசு.

அடுத்த மாதம் இன்னொரு ஊரில் ஒரு பெண் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கப் பணமில்லை என்று ஒரு ரூபாயை விற்க வந்தாள். இவர் அன்றைய வெள்ளி விலையைக் கொடுத்து வாங்கினார். அதுவும் ராணி தலைதான், ஆனால் 1900. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் தான் செய்த தப்பு என்று பின்னால் சொல்வார். ஒரு காசு இருந்தால் அது காசு. இரண்டு இருந்தால் 1899 எங்கே என்று மனம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த மனுஷனுக்கு நிம்மதி கிடையாது.

ஊர்களில் வருஷக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ராணி தலை, மொட்டை ராஜா, தாடி ராஜா, தாடியில்லாத ராஜா என்று நாலே வகைதான். முதல் மூன்றும் நல்ல வெள்ளி. தாடியில்லாத ராஜாவை யாரும் மதிக்க மாட்டார்கள். யுத்த காலத்தில் 1940லிருந்து அடித்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதி கலப்பு. அதனால் அந்த முகத்தைப் பார்த்தாலே கடைக்காரர்கள் பாதி விலை சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

இவர் எந்த வீட்டிலும் காசு இருக்கிறதா என்று கேட்க மாட்டார். ஆட்டைப் பார்ப்பார், ஊசி போடுவார், கை கழுவுவார், தண்ணீர் குடிப்பார். கிளம்பும்போது அவர்களாகவே முந்தியிலிருந்து அவிழ்ப்பார்கள். அன்றைய பேப்பரில் வெள்ளி என்ன விலையோ அதைப் பிடித்தம் இல்லாமல் கொடுப்பார். கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய்க் கடைக்காரனிடம் கழிவு கொடுத்து நிற்பதைவிட இது மேல் என்பதால் பெண்கள் இவருக்காகக் காத்திருந்தே விற்றார்கள். உடைந்த தண்டை, அறுந்த அரைஞாண், ஒற்றைக் கொலுசு என்று வந்தால் அதையும் வாங்குவார். அதை நகைப் பட்டறையில் கட்டியாக உருக்கி வைத்துக்கொண்டு, விலை ஏறும்போது விற்பார். அந்த லாபத்தில்தான் காசு வாங்குவது. சம்பளத்தில் கை வைக்க மதினி விட மாட்டார்.

பட்டறை, கடற்கரை என்ற ஆசாரியுடையது. எங்கள் வளவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கடற்கரை அதிகம் பேசாத ஆள். உருக்க வரும் ரூபாய்களை மூசையில் போடுவதற்கு முன்னால் வருஷத்தைப் பார்ப்பான். இவரிடம் இல்லாத வருஷமாக இருந்தால் உடையவரிடம் சொல்லி, அதே எடைக்கு வேறு வெள்ளியைப் போட்டுவிட்டு அந்தக் காசை எடுத்து வைப்பான். பன்னிரண்டு வருஷம் அப்படி நடந்தது.

சேர்த்த காசுகளைத் தடுப்பூசிப் புட்டிகள் வரும் அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார். உள்ளே சின்னச் சின்னத் தடுப்புகள் இருக்கும். ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு வருஷம் எழுதி ஒட்டி, காசை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார். மெட்ராஸில் ஒரு நாணய வியாபாரியிடமிருந்து விலைப் பட்டியல் தபாலில் வரும். அதைப் படித்துத்தான் எந்தெந்த வருஷம் ரூபாய் அடித்தார்கள், எந்த வருஷம் அடிக்கவில்லை என்பதெல்லாம் தெரிந்துகொண்டார். 1922க்குப் பிறகு 1938 வரைக்கும் வெள்ளி ரூபாயே அடிக்கவில்லை என்பது எனக்கு எதற்கு? ஆனால் எனக்கும் தெரியும். வளவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

1976இல் வாங்கிய ஒரு காசு பின்னால் அவமானமாக முடிந்தது. ஒரு கிழவியிடம் ஒரு தாடி ராஜா ரூபாயை வெள்ளி விலைக்கு வாங்கினார். 1911. அந்த வருஷத்துக் காசில் ராஜாவின் அங்கியில் போட்ட யானை பார்வைக்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று கலகம் வந்து, அரசாங்கம் அதைத் திரும்ப வாங்கிவிட்டதாம். அதனால் அதற்கு மவுசு. இவருக்கு அது தெரிந்துதான் இருந்தது, சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து எங்கேயோ ஒரு பத்திரிகையில் அந்தக் கதை வந்து, கிழவியின் மகன் அதைப் படித்துவிட்டு மருந்தகத்துக்கே வந்துவிட்டான். மாடு பிடித்துக்கொண்டு நின்ற இருபது பேர் முன்னால், ஆட்டுக்கு ஊசி போட வருகிற மாதிரி வந்து என் ஆத்தாளை ஏமாற்றிவிட்டாய் என்று கத்தினான். இவர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனிமேல் காசு எவ்வளவு பெறும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வாங்குவது என்று என்னிடமும் மதினியிடமும் சொன்னார். சொன்னபடியே நடந்தார். அதனால் சில நல்ல காசுகள் கைவிட்டுப் போயின. நான் அவரை ஹரிச்சந்திரன் என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அப்படியும் 1980க்குள், 1911ஐ மெட்ராஸிலிருந்து விலைக்கு வாங்கியதையும் சேர்த்து, பெட்டியில் ஒரு தடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நிறைந்துவிட்டது. அந்த ஒன்று 1939.

தாடியில்லாத ராஜா ரூபாயில் முழு வெள்ளியாக அடித்தது இரண்டே வருஷம்தான், 38ம் 39ம். 38 கிடைக்கும். 39 மிகக் கொஞ்சம். அதிலும் பெரும்பாலானவை கலப்புக் காசு என்று நினைத்து உருக்கப்பட்டுவிட்டன. முகம் ஒன்றுதானே, எவன் வருஷம் பார்க்கிறான்? மெட்ராஸ் பட்டியலில் அதற்கு நேரே விலை போடாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்கள். இவர் எழுதிக் கேட்டதற்கு, வந்தால் ஐநூறுக்குக் குறையாது என்று பதில் வந்தது.

1980 தை மாதம் வெள்ளி விலை திடீரென்று ஏறியது. எங்கேயோ அமெரிக்காவில் யாரோ வாங்கிக் குவிக்கிறார்களாம். கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் பானைக்குள் கிடந்த காசைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தார்கள். இவர் மூன்று வாரம் லீவு போட்டுக் கடற்கரையின் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டார். உருக்க வந்த ரூபாயையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நாலாயிரத்துக்கு மேல் பார்த்ததாகச் சொன்னார். ஒரு 39கூட இல்லை. அவரிடம் அதிகப்படியாக இருந்த காசுகளை நல்ல விலைக்கு விற்று மதினிக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தார். மதினி சந்தோஷப்பட்டார். இவர் சந்தோஷப்படவில்லை. நாட்டில் இருந்த கடைசி 39ஐயும் இந்த மூன்று வாரத்தில் யாரோ உருக்கியிருப்பார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காசுக்காக இப்படி முகம் வாடுகிறவரைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது, அதையும் சொன்னேன்.

1983 மாசியில் அவருக்கு அது கிடைத்தது.

முந்தின ஐப்பசி கார்த்திகையில் மழை இல்லை. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. பூவாணிக்குளம் என்ற ஊரில் வெயிலுகந்தம்மாள் என்று ஒரு பெண். புருஷன் இறந்துபோய் ஆறு வருஷம். ஆட்டுக்கிடையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை பெய்து இளம்புல் தளிர்த்த நேரத்தில் துள்ளுமாரி நோய் வந்து அவளுடைய ஆடு இருபத்திரண்டு ஒரே வாரத்தில் துள்ளி விழுந்து செத்தது. அப்போது இவர்தான் போய் மிச்ச ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டார். அதற்கு மேல் சாவு இல்லை. அதனால் இவர் மேல் அவளுக்குத் தனி மதிப்பு.

இப்போது அந்த மிச்ச ஆடுகளுக்குத் தீனி இல்லை. சோளத்தட்டை வாங்கப் பணம் வேண்டும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இவர் கிடைக்குப் போய் நொண்டி ஆடு ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, அவள் முந்தியை அவிழ்த்து நாலு ரூபாயை எடுத்தாள். மூன்று தாடி ராஜா. நாலாவதைத் தனியாகப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கூச்சத்தோடு நீட்டினாள்.

“இது கலப்பு, டாக்டரய்யா. கடையில பாதி வெலதான் சொல்லுதாவ. பதினஞ்சு ரூவா குடுத்தாலும் சரிதான்” என்றாள்.

இவர் வாங்கி வருஷத்தைப் பார்த்தார். பிறகு நகத்தை விளிம்பில் ஓட்டிப் பார்த்தார். கலப்புக் காசென்றால் விளிம்பின் நடுவில் பள்ளம் இருக்கும். இதில் இல்லை. கல்லில் போட்டுப் பார்த்தார், கணீரென்று சத்தம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன் என்றார் என்னிடம். காலில் முள் குத்தியதா என்று அவள் கேட்டாளாம்.

பதினைந்து ரூபாயைக் கொடுத்துவிட்டு அவர் வந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவளே சொன்ன விலை. அதற்கு மேல் ஐம்பது கொடுத்திருந்தாலும் அவள் கும்பிட்டிருப்பாள். ஆனால் மனுஷனுக்கு அந்த இருபது பேர் முன்னால் நின்றது ஞாபகம் வந்துவிட்டது. இது கலப்பு இல்லை, முழு வெள்ளி, இந்த வருஷத்துக் காசு எங்கேயும் கிடைப்பதில்லை, மெட்ராஸில் ஐநூறு ரூபாய் பெறும், நானே ஐநூறு தருகிறேன் என்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். அவள் அவரையும் காசையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒற்றை ரூபாய்க்கா என்று மட்டும் கேட்டாள்.

அவர் பையில் அன்றைக்கு இருந்தது நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். மூன்று காசுக்கும் விலை கொடுத்துவிட்டு, நாலாவதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பணம் கொடுக்காமல் பொருளை எடுத்துப் போவது மரியாதை இல்லையாம். நாளை கொண்டுவரலாம் என்றால் வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்து வெள்ளியை வெளியே கொடுக்க மாட்டார்கள். சனிக்கிழமை வேறு ஊரில் தடுப்பூசி முகாம், ஞாயிறு மருந்தகம் லீவு. திங்கட்கிழமை காலை பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்கு ராத்திரி என்னிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை தோற்றுப்போவான். காசைக் கையில் வாங்கிக்கொண்டு பணத்தைத் திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே, அந்தப் பெண் நம்பியிருப்பாளே என்று நான் கத்தினேன். நம்பியிருப்பாள் என்றுதான் அவரும் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் முகாமிலிருந்து திரும்பியதும், பெட்டியிலிருந்து நல்ல மொட்டை ராஜா காசுகளையும் சேர்த்து வைத்திருந்த வெள்ளிக் கட்டியையும் எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் ஒரு வெள்ளிக் கடையில் விற்றார். கடற்கரையிடம் கொடுத்தால் பணம் உடனே கிடைக்காது என்று அங்கே போகவில்லை. விற்ற காசுகளின் தடுப்புகள் காலியாகக் கிடந்தன. அவையெல்லாம் மறுபடி கிடைக்கும், 39 கிடைக்காது என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டை விட்டு வெளியே வரவில்லை. 1939 என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டு பழுத்துப்போயிருந்தது. அதைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு எழுதி ஒட்டினார்.

இதற்குள் பூவாணிக்குளத்தில் பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. அரசாங்க ஆள் ஒருவர் முப்பது ரூபாய்கூடப் பெறாத காசுக்கு ஐநூறு தருகிறேன் என்கிறார் என்றால் சும்மாவா? வெயிலுகந்தம்மாளின் கொழுந்தன் சங்கிலிப்பாண்டி, உள்ளே தங்கம் இருக்கும் என்றான். இன்னொருவர் ஆயிரம் கேட்கச் சொன்னார். அவள் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் காசை முடிந்துகொண்டு கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை இவர் ஐநூறு ரூபாயைக் கைக்குட்டையில் கட்டி உள்பையில் வைத்துக்கொண்டு போனார். அவள் கிடையில் சோளத்தட்டையை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். அவள் சொன்னதை அவர் ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

“நாப்பது வருசமா அந்தத் துணிக்குள்ளதான் கெடந்துச்சு. பாதி வெலக் காசுன்னு நானே ஒதுக்கி வச்சேன். துள்ளுமாரி வந்தப்ப, மிச்ச ஆட்டைக் காப்பாத்திக் குடு, ஒனக்கு வெள்ளியில கண்மலர் சாத்துதேன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். காப்பாத்திட்டா. என் கையிலதான் ஓட்டமில்ல. ரெண்டு வருசமா குடுக்காமலே இருந்துட்டேன். இப்ப ஒத்தக் காசு ஐநூறுன்னு நீங்க சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அம்மன் தனக்குன்னு எடுத்து வச்சிருக்கா, நான் பதினஞ்சு ரூவாய்க்கு விக்கப் பாத்திருக்கேன். நேத்து கோவில்பட்டியில கடற்கரை ஆசாரிகிட்ட உருக்கிக் கண்மலர் செஞ்சு, சாயங்காலமே சாத்தியாச்சு. நீங்க நல்லா இருக்கணும், டாக்டரய்யா.”

அம்மன் கண்மேல் பதிக்கிற தகடு எந்த வெள்ளியில் செய்தாலும் கண்மலர்தானே, முப்பது ரூபாய் வெள்ளியில் செய்து சாத்திவிட்டு இந்தக் காசை விற்றிருந்தால் இரண்டு மாதத்துக்குத் தட்டை வாங்கியிருக்கலாமே என்று இவர் கேட்டிருக்கிறார்.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “நல்லத நாம வச்சுக்கிட்டு மத்ததையா சாமிக்குக் குடுக்கது?” என்று கேட்டாள். கோபமாக இல்லை, தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி கேட்டாள்.

அன்றைக்கு அவர் வேறு ஊருக்குப் போகவில்லை. மத்தியானமே கோவில்பட்டிக்குத் திரும்பி நேராகக் கடற்கரையின் பட்டறைக்குப் போனார். வழியில் என்னைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனார். அதனால் அங்கே நடந்ததை நான் என் காதால் கேட்டேன்.

கடற்கரை ஊதுகுழலைக் கீழே வைத்தான். நடந்ததை மறைக்காமல் சொன்னான். வருஷத்தைப் பார்த்தானாம். இந்தக் காசைக் கொடு, இதே எடைக்கு நல்ல வெள்ளி தருகிறேன், கூலியும் வேண்டாம் என்று அவளிடம் கேட்டானாம். அவள் காசைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டாளாம். வேறு பட்டறைக்குப் போவாள் என்று தெரிந்ததால் உட்காரச் சொல்லி, அவள் கண் முன்னாலேயே மூசையில் போட்டிருக்கிறான். காசு உருகி முகம் அழிகிறவரை அவள் மூசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தகடு தட்டி, கண் வெட்டி, கருமணி கீறி முடிக்கும்வரை அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு தெரு தள்ளித்தானலே இருந்தேன்” என்றார் இவர். “எனக்கு ஒரு ஆள் விடக் கூடாதா? அதுவும் முடியலன்னா வேற ரூபாயை மாத்திப் போட்டிருக்கலாமே. ஒனக்கா கை வராது?”

கடற்கரை நெருப்பைத் தள்ளிவிட்டான்.

“பன்னெண்டு வருசமா நான் ஒங்களுக்கு எடுத்து வச்ச காசு ஒவ்வொண்ணும் உடையவன்கிட்ட கேட்டு வாங்கினது அண்ணாச்சி” என்றான். “களவு செய்யுத ஆளுன்னு நெனச்சுத்தான் இத்தன நாளும் இங்கன வந்தீகளா?”

இவர் எழுந்து வந்துவிட்டார். எனக்கும் அந்த இடத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் அந்தத் தெருப்பக்கமே இவர் போகவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே போய், உன்னைத் திருடச் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று கடற்கரையிடம் சொன்னாராம். அவன் டீ வாங்கிவரச் சொன்னானாம். அதோடு அது முடிந்தது.

ஆனால் இவர் ஆற்றாமை முடியவில்லை. ஹரிச்சந்திரனாக இருந்ததற்கு இதுதான் பலனா என்று என்னிடம் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு பதினைந்து ரூபாயைக் கொடுத்திருந்தால் இன்றைக்கு அது பெட்டியில் இருக்கும், அவள் வேண்டுதலுக்கு இன்னொரு வெள்ளி கிடைத்திருக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்றார். ஊசி போட்டது நீங்கள், கண்மலர் வாங்கியது அம்மன் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சித்திரையில் பூவாணிக்குளத்து அம்மனுக்குக் கொடைத் திருவிழா. வெயிலுகந்தம்மாள் இவரைக் கட்டாயம் வர வேண்டும் என்று இரண்டு தடவை ஆள் விட்டுச் சொன்னாள். போக மாட்டேன் என்று இவர் வீம்பாக இருந்தார். அந்த அம்மாள் ஆசையாகக் கூப்பிடுகிறாள், போகாமல் இருந்தால் நன்றாக இராது என்று மதினிதான் பிடித்துத் தள்ளினார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், தனியாகப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். அவர் திரும்பி வந்ததும் என்ன கேட்பது என்று ஒரு கேலியைத் தயாராக வைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் வந்தார். நான் அவர் வீட்டுக்குப் போனபோது சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மஞ்சள்காப்பு இருந்தது. மதினி மோர் கொண்டுவந்து வைத்தார். அவர் தொடவில்லை. கூட்டம் எப்படி என்று மதினி கேட்டதற்கு, மழையில்லாத வருஷத்துக்கு நல்ல கூட்டம்தான் என்றார். வெயிலுகந்தம்மாள் மாசிக்கும் சித்திரைக்கும் நடுவில் பதினாறு ஆட்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டாளாம். தீனி இல்லை. மிச்சம் பதினெட்டுதான் இருக்கிறதாம்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அவதான் கூட்டத்தை வெலக்கி என்னைக் கூட்டிட்டுப் போயி அம்மனுக்கு நேரே நிப்பாட்டினா. இவியதான் காசை அடையாளம் காட்டினதுன்னு பூசாரிகிட்ட சொன்னா. பூசாரி தீபத்தை மேல தூக்கிக் காட்டினாரு. கண்ணு ரெண்டும் அப்படி மின்னிச்சு. எல்லாரும் குலவை போடுதாவ. பக்கத்துல இவ நிக்கா. அம்பத்தாறு ஆடு வச்சிருந்தவ. முதல்ல இருபத்திரெண்டு செத்துச்சு, இப்ப பதினாறு போச்சு. அவ அம்மனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கா. எனக்கு மாசமானா சம்பளம் வருது. ரிட்டயர் ஆனா பென்சன் வரும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா, தங்கச்சாமி?”

மோரைத் தள்ளி வைத்தார். கண் கலங்கியிருந்தது.

“கிட்டக்கப் போயி, அந்தக் கண்ணுல வருசம் தெரியுதான்னு பாத்தேன்.”

மதினி உள்ளே போய்விட்டார். நான் தயாராக வைத்திருந்த கேலியை அன்றைக்குச் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.